‘மாய்’ என்ற பிரெஞ்சுச் சொல்லோடு மல்லுக்கட்டாமல் பழகுவது எப்படி

பிரெஞ்சு படிக்க ஆரம்பித்து ஆறேழு மாதம் ஆனவர்களை, அதுவும் கையில் ஊசியும் கம்பளி நூலுமாக உட்கார்ந்தவர்களை, ஒரு சின்னச் சொல் நன்றாகச் சுற்றவிடும். எழுத்தில் எம், ஏ, ஐ, இரண்டு எல், கடைசியில் ஒரு இ. வாயில் வெறும் ‘மாய்’. அகராதியைத் திறந்தால் பின்னல் வளையம், வலைக்கண், சங்கிலிக் கண்ணி, பின்னலாடை, பழைய காசு என்று வரிசை கட்டி நிற்கும். எதை எடுப்பது?

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தொப்பியைக் கெடுத்துத்தான். காரைக்காலிலிருந்து பாரிஸ் பக்கம் வந்த முதல் குளிர்காலம், மகளுக்குக் குரோஷா ஊசியில் (நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசி) ஒரு தொப்பி பின்னலாம் என்று கடையில் இலவசமாகக் கிடைத்த செய்முறைத் தாளை எடுத்து வந்தேன். அதில் ‘மாய் செரே’ என்று இருந்தது. அகராதி அதற்கு இங்கிலாந்துக்காரர்கள் வழங்கும் பெயரான ‘டபுள் குரோஷே’ என்பதைக் கொடுத்தது. சரி என்று அந்தப் பெயரில் ஒரு வீடியோவைத் தேடினேன், வந்தது ஓர் அமெரிக்கப் பெண்மணி. அமெரிக்காவில் அதே பெயர் வேறு பின்னலுக்கு, அது இதைவிட இரண்டு மடங்கு உயரம். தட்டையாக விரிய வேண்டிய தொப்பியின் உச்சி கோவில் கலசம் மாதிரி எழும்பி நின்றது. அதைப் பிரித்து உருட்டிய நூல் உருண்டை இன்னும் வீட்டில் கிடக்கிறது. நீங்கள் அந்த வழியில் போகவேண்டாம் என்பதற்காகத்தான் இது.

முதல் வேலை, காதைப் பழக்குங்கள். ஏ-க்குப் பின்னால் ஐ-யும் இரண்டு எல்-லும் வந்தால் பிரெஞ்சில் எல் ஒலிக்காது, ‘ய்’ என்று முடிந்துவிடும். அளவு என்பதற்கான சொல் ‘தாய்’ என்று ஒலிப்பதும் இதே கணக்குத்தான். நம் ‘மை’க்கும் ‘மாய்’க்கும் நடுவில் எங்கேயோ நிறுத்துங்கள், பிரெஞ்சுக்காரருக்குப் புரியும். பன்மைக்கு எழுத்தில் ஓர் எஸ் சேரும், காதில் சேராது. அதனால் ஒன்றா பலவா என்பதை முன்னால் வரும் குட்டிச் சொல்லை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது பெண்பால் சொல் என்பதையும் இப்போதே மனதில் போட்டுவையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அடுத்தது, அகராதியை மூடிவிட்டு ஒரு படத்தை மனதில் வையுங்கள். நூலோ கம்பியோ வளைந்து ஒரு சின்ன வெளியைச் சுற்றி வளைத்திருக்கிறது. அந்த வளைவும் மாய், அது சூழ்ந்த ஓட்டையும் மாய். லத்தீனில் ‘மாகுலா’ என்று ஒரு சொல் உண்டு. கறை, புள்ளி என்றும் பொருள், வலையில் உள்ள கண் என்றும் பொருள். அதிலிருந்து இறங்கி வந்தது இது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நாமும் வலையின் ஓட்டையைக் கண் என்கிறோம், சங்கிலியின் ஒரு வளையத்தைக் கண்ணி என்கிறோம், பறவை பிடிக்க வைக்கும் சுருக்கும் கண்ணிதான். எங்கள் ஊர்க் கடற்கரையில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு முடிச்சுப் போடுகிறவர், கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து “இது ரெண்டு விரல் கண்ணு” என்பார். அவரிடம் இந்தப் பிரெஞ்சுச் சொல்லை அரை நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆங்கிலம் வழியாகப் போனால் ஸ்டிச், லிங்க், மெஷ் என்று மூன்றாக உடைந்துவிடும். அதனால் முடிந்தவரை நேராகத் தமிழுக்கு வாருங்கள், கண், கண்ணி, வளையம் என்று.

படம் பிடிபட்டதா? இனி ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது ஒரே சோதனை. சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ‘யூன்’ என்றோ, ஓர் எண்ணோ, ‘லே’, ‘தே’ என்ற பன்மைக் குறியோ இருந்தால் எண்ணக்கூடிய ஒன்று, அதாவது வளையமோ வலைக்கண்ணோ சங்கிலிக் கண்ணியோ. ‘த லா மாய்’, ‘ஆன் மாய்’ என்று பொத்தாம்பொதுவாக வந்தால் எண்ண முடியாத ஒன்று: பெரும்பாலும் பின்னிய துணி, இளைஞர்கள் வாயில் என்றால் பணம். முன்னால் ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக நின்றால் அது பழைய மரபுத்தொடர். அதற்குள் இருப்பது நூலும் இல்லை, வலையும் இல்லை. இந்தச் சோதனை எப்போதும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பத்தில் எட்டுக்கு மேல் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. மீதிக்குப் பக்கத்தில் இருக்கும் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும்.

கம்பளி பின்னும் செய்முறைத் தாளில்

இங்கேதான் இந்தச் சொல் வரிக்கு நாலு முறை வரும், அதுவும் முழுசாக வராது, ‘எம்’ என்று ஒற்றை எழுத்தாகச் சுருங்கி வரும். “மோந்தே 80 எம்” என்றால் ஊசியில் 80 வளையம் ஏற்று. ‘மோந்தே’ ஏறு, ஏற்று. முடிக்கும்போது வரும் ‘ரபாத்ர்’ என்பது மடித்துச் சாய்ப்பது: இரண்டு வளையம் பின்னி, முதலாவதை இரண்டாவதன் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுக் கீழே விட வேண்டும், ஊசி காலியாகும்வரை அதையே தொடர வேண்டும்.

‘மாய் ஆந்த்ருவா’, ‘மாய் ஆன்வேர்’ என்று இரண்டு வகை. நேர்ப்பக்கம், மறுபக்கம். இரண்டும் இரண்டு பின்னல் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒரே வளையத்தை முன்னாலிருந்து பார்த்தால் ஒன்று, பின்னாலிருந்து பார்த்தால் மற்றது. நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி ‘வி’ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கும், அது ஆந்த்ருவா. உள்ளே திருப்பினால் அலை அலையாகப் புடைப்புகள், அது ஆன்வேர். ஆந்த்ருவா என்ற சொல்லுக்கு ‘இடம்’ என்றும் பொருள் இருப்பதால், வகுப்பில் அதை முதலில் படித்தவர்கள் “இடத்து வளையமா?” என்று முழிப்பார்கள். இல்லை, துணியின் நல்ல பக்கம்.

புதிதாக வருகிறவர்களை நிச்சயம் நிறுத்தி வைக்கும் தொடர் ஒன்று உண்டு: ‘லே மாய் கோம் எல் ஸ ப்ரெஸாந்த்’. சொல்லுக்குச் சொல் எடுத்தால் “வளையங்கள் எப்படித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றனவோ அப்படி” என்று வரும், ஏதோ கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி. விஷயம் எளிது. ஊசியில் உங்களைப் பார்த்து நிற்கும் வளையம் ‘வி’யாகத் தெரிந்தால் நேர்ப்பின்னல் போடுங்கள், புடைப்பாகத் தெரிந்தால் மறுபின்னல். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு மூன்று: “2 எம் ஆன்சாம்பில்” என்றால் இரண்டு வளையத்தைச் சேர்த்து ஒன்றாகப் பின்னு, ஒன்று குறையும். ‘ஜெத்தே’ என்றால் நூலை ஊசியின் மேல் சும்மா ஒரு சுற்று வீசு, ஒன்று கூடும், அந்த இடத்தில் ஓட்டையும் விழும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எண்ணிக்கை மாறாது, துணியில் மட்டும் ஓட்டை வேலைப்பாடு தெரியும். ‘மாய் தோம்பே’ என்பது ஊசியிலிருந்து நழுவி விழுந்த வளையம். அது கீழே கீழே அவிழ்ந்துகொண்டே போகும், பதறாமல் ஒரு குரோஷா ஊசியை விட்டு ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து மேலே கொண்டுவந்துவிடலாம். மெல்லிய காலுறையில் இதே விபத்து நடந்தால் பிரெஞ்சுப் பெண்கள் அது ‘ஃபிலே’ ஆகிவிட்டது என்பார்கள், நூல் ஓடிவிட்டது என்ற பொருளில்.

தாளின் தலையில் ‘எஷான்தியோன்’, அதாவது மாதிரித் துண்டு, என்று ஒரு வரி இருக்கும், எல்லோரும் தாண்டிப் போவது அதைத்தான். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 20 எம் என்று எழுதியிருக்கிறது, உங்கள் கை இறுக்கம், 22 விழுகிறது என்று வையுங்கள். இரண்டுதானே என்று தோன்றும். 56 சென்டிமீட்டர் தலைக்கு 112 வளையம் ஏற்றச் சொன்ன தொப்பி, உங்கள் கையில் 51 சென்டிமீட்டரில் முடியும். அரைநாள் போனாலும் பரவாயில்லை, ஒரு துண்டு பின்னி அளந்துவிடுங்கள். ஊசி எண்ணையும் கவனியுங்கள். பிரான்சில் 4 என்றால் 4 மில்லிமீட்டர் தடிமன், எண் கூடினால் ஊசி தடிக்கும். நம் அம்மா, பாட்டி வைத்திருந்த பழைய பிரிட்டிஷ் எண் ஊசிகள் நேர் எதிர், எண் கூடினால் ஊசி மெலியும். அந்த 4 மில்லிமீட்டர் ஊசிக்கு அங்கே 8 என்று பெயர்.

குரோஷா என்றால்

இங்கே மாய் ஒரு குடும்பமாகவே வரும். ‘மாய் ஆன் லேர்’, காற்றில் இருக்கும் மாய் என்று பெயர், அடியில் பிடித்துக்கொள்ளத் துணி இல்லாமல் அந்தரத்தில் போடும் சங்கிலி என்பதால். அழகான பெயர். சுருக்கமாக ‘எம்எல்’ என்று எழுதுவார்கள். “3 எம்எல்” என்பதைப் பார்த்து மூன்று மில்லிலிட்டர் எதற்கு என்று கேட்டவர்களை நான் அறிவேன் (கேட்டது என் வீட்டுக்காரர்). ‘மாய் கூலே’, எம்சி, நழுவவிடும் பின்னல், உயரமே இல்லாதது. சுற்றை மூட உதவும். ‘மாய் செரே’, எம்எஸ், இறுக்கமான குட்டைப் பின்னல். அமெரிக்கர் இதை சிங்கிள் குரோஷே என்பார்கள், இங்கிலாந்தில் டபுள் குரோஷே. இதற்கு மேல் உயரம் போனால் பெயரில் மாய் இருக்காது, ‘ப்ரீத்’ என்று மாறிவிடும். அமெரிக்கர் டபுள் என்பதும் இங்கிலாந்துக்காரர் ட்ரெபிள் என்பதும் இந்த ப்ரீத்தைத்தான். என் தொப்பி கலசமானது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்: சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தது குட்டைப் பின்னலுக்கான கணக்கு, நான் போட்டது ப்ரீத். உயரம் கூடியது, சுற்றளவு அதற்கு ஈடு கொடுக்கவில்லை, கூம்பு வந்துவிட்டது. ஆக, ஆங்கில வழியாகப் போகாமல் ‘மாய் செரே’ என்றே பிரெஞ்சில் தேடிப் பாருங்கள், கையைப் பார்த்தால் போதும், மொழி தேவையில்லை.

வலையும் மீனும்

மீன்வலையில் மாய் என்றால் கண். ஆனால் அளவு சொல்லும்போது இரண்டு வழக்கம் உண்டு. கண்ணை இழுத்து மூடி ஒரு முனை முடிச்சிலிருந்து எதிர் முனை முடிச்சுவரை அளப்பது ஒன்று, பக்கத்து முடிச்சுவரை ஒரு பக்கத்தை மட்டும் அளப்பது மற்றொன்று. முதல் வகையில் 50 மில்லிமீட்டர் என்பது இரண்டாவதில் 25. எந்த அளவு என்று கேட்காமல் வலை வாங்காதீர்கள்.

தூண்டில் போடுகிறவர்கள் பேச்சில் இந்தச் சொல் ஒரு படி தாண்டிவிட்டது. பிடிக்க அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச நீளமே ‘லா மாய்’. அந்த அளவை எட்டிய மீன் ‘மாயே’. அட்லாண்டிக் கரையில் பொழுதுபோக்காகப் பிடிக்கும் பார் மீனுக்கு (ஆங்கிலத்தில் சீ பாஸ்) 42 சென்டிமீட்டர், மத்தியதரைக் கடலில் 30. எட்டாததைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும். விதிகள் அடிக்கடி மாறும், போகும் முன் அந்தந்தக் கரையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் “வலையின் மாய்களுக்கு இடையே நுழைந்து போனான்” என்ற தொடரைப் பார்த்தால் மீனைத் தேடாதீர்கள், வரியிலோ வழக்கிலோ சிக்காமல் நழுவியவனைச் சொல்கிறார்கள்.

நகைக்கடையில்

சங்கிலியின் ஒரு கண்ணியைப் பொதுப் பேச்சில் ‘மாயோன்’ என்பதே அதிகம் (ஆமாம், நம் திருமாலேதான், காதில் விழும்போது). நகைக்கடைக்காரரோ பின்னல் வகையை மாய் என்பார். ‘மாய் ஃபோர்சா’ என்றால் கைதிச் சங்கிலி, நீள்வட்டக் கண்ணிகள் ஒன்றுக்கு ஒன்று குறுக்காகக் கோத்திருக்கும். பெயருக்குப் பயப்படாதீர்கள், மெல்லியதாக வாங்கினால் பதக்கம் போட நல்லது. ‘மாய் கூர்மெத்’தில் கண்ணிகள் முறுகித் தட்டையாகப் படுத்திருக்கும், குதிரைக் கடிவாளச் சங்கிலியின் பெயர் அது. ‘மாய் மரீன்’ நங்கூரச் சங்கிலி மாதிரி, ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஒரு குறுக்குக் கம்பி. ‘மாய் வெனிசியேன்’ தான் நாம் பாக்ஸ் செயின் என்பது. கடையில் “சங்கிலி வேண்டும்” என்றால் “எந்த மாய்?” என்று கேட்பார்கள், இந்த நாலில் ஒன்றைச் சொல்லத் தெரிந்தால் போதும். அங்கே வழக்கம் 18 காரட், 22-ஐத் தேடினால் பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் நம்மவர் கடைகளுக்குத்தான் போக வேண்டும்.

அருங்காட்சியகத்தில் ‘கோத் த மாய்’ என்ற பலகையைப் பார்த்தால் அது இரும்பு வளையங்களால் ஆன போர்ச்சட்டை. அருகே போய் ஒரே ஒரு வளையத்தை மட்டும் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள் வேறு நாலு வளையங்கள் நுழைந்திருக்கும்.

துணிக்கடையில்

‘ஆன் மாய்’ என்று அட்டையில் இருந்தால் தறியில் நெய்தது இல்லை, வளையம் வளையமாகப் பின்னியது. திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் பின்னலாடை என்பதையே இங்கே லா மாய் என்கிறார்கள், தொழிலுக்கும் அதே பெயர். பிரான்சின் திருப்பூர் என்றால் ஷாம்பாய்ன் பகுதியிலுள்ள த்ருவா நகரம். காலுறை, உள்ளாடை பின்னியே வளர்ந்த ஊர். பெத்தி பத்தோ நிறுவனம் 1893இல் அங்கே தொடங்கியது. டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் 1933இல் கூட்டுச் சேர்ந்த ஆந்த்ரே ஜீலியேவும் அந்த ஊர்ப் பின்னலாடைக்காரர்தான். அந்த முதலைச் சட்டையின் சொரசொரப்பான துணியும் ஒரு மாய்தான். பழைய பின்னல் இயந்திரங்களைப் பார்க்க ஆசை இருந்தால் அங்கே வொலுயிசான் மாளிகையில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

‘மாயோ’ என்ற சொல்லும் இதன் குழந்தை. முதலில் பச்சைக் குழந்தையைச் சுற்றி வைக்கும் துணி, பிறகு உடலோடு ஒட்டிய உடை எல்லாவற்றுக்கும் ஆனது, நீச்சலுடையிலிருந்து 1919 முதல் தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் தரும் மஞ்சள் பனியன் வரை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இயற்பியல் நோட்டில் ‘லுவா தே மாய்’ வரும். கிர்க்காஃப் விதி, மின்சுற்றில் மூடிய ஒரு வளையத்தைச் சுற்றி வந்தால் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். வேதியியலில் ‘மாய் எலெமாந்த்தேர்’ என்றால் படிகத்தின் அலகுக்கூடு. அதே படம்தான், வளைத்த ஒரு வெளி.

நூலே இல்லாத மாய்

மொட்டையாக வருவது என்று சொன்னேனே, அது இது. இடைக்காலப் பிரான்சில் தெனியே என்ற காசில் பாதிக்கு மாய் என்று பெயர். இதன் வேர் மாகுலா இல்லை, பாதி என்ற பொருள் தரும் வேறொரு லத்தீன் சொல், பதக்கம் என்பதற்கான ‘மெதாய்’ அதன் உறவு. ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. ‘நி சூ நி மாய்’ என்றால் கையில் சல்லிக்காசு இல்லை. ‘அவ்வுவார் மாய் அ பார்த்தீர்’ என்பது இன்றும் செய்திகளில் அடிபடும், ஒருவரோடு தகராறு இருக்கிறது என்ற பொருளில். பார்த்தீர் என்றால் கிளம்புவது என்றுதானே வகுப்பில் படித்தோம்? இங்கே அதன் பழைய பொருள், பங்கிடுவது. இருப்பதே அரைக்காசு, அதையும் இரண்டு பேர் பங்குபோட உட்கார்ந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்.

புறநகர் ரயிலில் பதினேழு வயதுப் பையன்கள் ‘த லா மாய்’ என்று பேசிக்கொண்டால் துட்டு. ராப் பாட்டுகளிலும் அப்படியே. அலுவலகத்தில் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக இரண்டு குழப்பம். சமையலறை அலமாரியில் மாய் என்று எழுதிய கடுகுப் போத்தல் இருக்கும். அது 1747இல் தொடங்கிய கம்பெனி, நிறுவியவரின் குடும்பப் பெயர், பின்னலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்று, யாராவது உங்களுக்கு ‘அன் மேல்’ அனுப்புகிறேன் என்றால் ஆண்பால், ‘மேல்’ என்று ஒலிக்கும், மின்னஞ்சல். எழுத்தில் ஓர் எல்-லும் கடைசி இ-யும்தான் வித்தியாசம். என் பின்னல் வகுப்பு ஆசிரியைக்கு நான் ஒருமுறை “நாளைக்கு உங்களுக்கு ஒரு மாய் அனுப்புகிறேன்” என்று எழுதிவிட்டேன். ஒன்று போதாது, 80 அனுப்பு, ஊசியில் ஏற்றியே அனுப்பு என்று பதில் வந்தது.